நோயின் ஜாதகம் கேட்ட வழக்கு

சட்டத்துக்கு எதற்கும் ஒரு தேதி வேண்டும். கிரயப் பத்திரம் பதிவான தேதி, நோட்டீஸ் கைக்கு வந்த தேதி, மேல்முறையீட்டுக் கெடு முடிகிற தேதி என்று, நியாயம் யார் பக்கம் என்பதற்கு முன்பே தேதி யார் பக்கம் என்று பார்த்துவிடுகிற தொழில் எங்களுடையது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தேதி இல்லாவிட்டால் எந்த வழக்கும் முடியாது, எந்தச் சொத்தும் கைமாறாது. ஆனால் பிறந்த நேரமே தெரியாத ஒன்றுக்கு ஜாதகம் எழுதிக்கொண்டு வா என்று சட்டம் கேட்டால்தான் சிக்கல். ஒரு மனிதரின் குடலில் நோய் எப்போது ஆரம்பித்தது என்ற கேள்வியை வைத்துக்கொண்டு பெங்களூரு நுகர்வோர் மன்றத்தில் நான் நடத்திய ஒரு வழக்கு அந்த ரகம்.

கட்சிக்காரர் அல்சூர்வாசி. பீண்யாவில் ஓர் இயந்திரப் பட்டறையில் ஸ்டோர்ஸ் பொறுப்பு. ஒரு போல்ட் குறைந்தாலும் கணக்குக் கேட்கிற ஆள். 2012 ஏப்ரலில், நாற்பது வயதைத் தொடும்போது, தனக்கும் மனைவி பிள்ளைகளுக்குமாக மூன்று லட்ச ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுத்தார். மறு வருடமே வலது அடிவயிற்றில் வலி வந்தது. சாயங்காலமானால் காய்ச்சல், மாதாமாதம் எடை இறக்கம். கொலோனோஸ்கோபி செய்து பார்த்ததில், சிறுகுடல் பெருங்குடலோடு சேருகிற இடத்தில் புண்கள். எடுத்த சதையைப் பரிசோதித்த அறிக்கை, காசநோயாக இருக்கலாம் என்றது. ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டார். முதலில் தேறுவது போலிருந்து, பிறகு மோசமானது. 2014இல் இரண்டாவது முறை பார்த்த பிறகுதான் இது கிரோன் நோய் என்று முடிவானது. மருந்து பிடிபடுவதற்குள் குடல் அடைத்துக்கொண்டது. அவசர அறுவை, சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். பில் நாலு லட்சத்தைத் தாண்டியது. கேஷ்லெஸ் கிடையாது என்று ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே சொல்லிவிட்டார்கள். மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போனது.

வீடு திரும்பிப் பில்களை அனுப்பியதற்கு ஒரு பக்கக் கடிதம் வந்தது. பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய், ஆகவே பணம் கிடையாது. அன்றைய பாலிசிகளில் இருந்த வரையறை 2008 முதல் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: முதல் பாலிசிக்கு முந்தைய 48 மாதங்களுக்குள் ஒரு நோய்க்கான அறிகுறி இருந்திருந்தாலோ, நோய் கண்டறியப்பட்டிருந்தாலோ, அதற்கு ஆலோசனையோ சிகிச்சையோ பெற்றிருந்தாலோ, அது முன்பே இருந்த நோய், பாலிசி தொடர்ந்து 48 மாதம் ஓடிய பிறகுதான் அதற்குப் பணம். நோய் கண்டறியப்பட்டது பாலிசிக்குப் பிறகுதான் என்பதில் கம்பெனிக்கே சந்தேகமில்லை. அவர்கள் பிடித்துக்கொண்டது ‘அறிகுறி’ என்ற ஒரே வார்த்தையை. அதற்கு ஆதாரமாகக் காட்டியது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த ஒரே வரியை: ஐந்து வருடங்களாக விட்டுவிட்டு வயிற்றுப்போக்கு. 2014இலிருந்து ஐந்து வருடம் பின்னால் போனால் 2009. பாலிசிக்கு மூன்று வருடம் முன்பு.

எங்கே போவது என்பது முதல் தீர்மானம். ஜே.பி. நகரில் ஜீவன் சௌதா கட்டடத்தில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலுக்கும் இடம் கிடையாது. பெரும்பாலான தகராறுகளுக்கு அதுவே போதும் என்று வருகிறவர்களிடம் சொல்லி அனுப்பிவிடுவேன். ஆனால் இந்த வழக்கில் டாக்டர்களின் கருத்து மோத வேண்டியிருந்தது; எதிர்த்தரப்பிடம் எழுத்தில் கேள்வி கேட்டுப் பதில் வாங்க வேண்டியிருந்தது. அதற்கு மன்றம்தான் சரி. அன்று அமலில் இருந்த 1986ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, இந்த அளவு தொகைக்கு 200 ரூபாய் கட்டினால் மாவட்ட மன்றத்தில் புகார் பதிய முடிந்தது. நோட்டீஸ் சேர்ந்து மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. சாந்திநகர் பேருந்து நிலையக் கட்டடத்தில், கீழே பி.எம்.டி.சி. பஸ்கள் உறும, மேலே நடந்த அந்த வழக்கு முடிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. தினமும் பட்டியலில் இருக்கும் வழக்குகளின் எண்ணிக்கையைப் பார்த்தவர்களுக்கு அந்த மூன்று மாதம் ஒரு நல்லெண்ணம் என்பது புரியும்.

நான் முதலில் வரவழைத்தது ஆஸ்பத்திரியின் முழு கேஸ் ஷீட்டை. டிஸ்சார்ஜ் சம்மரி என்பது கடைசி நாள் தயாராகிற சுருக்கம். அதன் வேர் எங்கே இருக்கிறதென்றால், நோயாளி வந்து சேர்ந்த ராத்திரி, அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் பேனாவால் எழுதுகிற முதல் பக்கத்தில். அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தால், விவரம் சொன்னவர் என்ற இடத்தில் நோயாளி பெயர் இல்லை; மைத்துனர் பெயர் இருந்தது. நோயாளி வலியில் சுருண்டு கிடந்த நேரம். மைத்துனரைக் கேட்டேன். “எவ்வளவு நாளான்னு கேட்டாங்க சார். நாலஞ்சு வருஷமா அப்பப்ப வயித்துக்கு ஆகாதுன்னு சொன்னேன். எனக்கு என்ன தெரியும்?” அவர் குத்துமதிப்பாகச் சொன்னது, எழுதும்போது ஐந்து ஆகி, மூன்று நாள் கழித்து டைப் அடிக்கும்போது மருத்துவ வரலாறு ஆகி, மறுப்புக் கடிதத்தில் ஆதாரமாகிவிட்டது. எழுதிய டாக்டரின் பிரமாணப் பத்திரம் இல்லாமல் அப்படி ஒரு வரியை நிரூபணமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று நுகர்வோர் ஆணையங்கள் பல முறை சொல்லியிருக்கின்றன. கம்பெனி அந்த டாக்டரிடம் போகவே இல்லை.

ஆனால் இந்த ஒரு வாதத்தை மட்டும் நம்பி நான் நிற்க விரும்பவில்லை. காரணம், கட்சிக்காரர் என்னிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. பாலிசி எடுப்பதற்கு முன்பும் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வயிறு கெட்டிருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் மெட்ரோனிடசோல் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார், இரண்டு நாளில் சரியாகியிருக்கிறது. டேங்கர் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் கலந்து குடிக்கிற ஊரில் இதை நோய் என்று யார் நினைப்பார்கள்? புரொபோசல் ஃபார்மில் ‘ஜீரண உறுப்புகளில் ஏதேனும் நோய் உண்டா’ என்ற கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்று டிக் அடித்தது ஏஜென்ட். தெருக்காரர் என்ற நம்பிக்கையில் இவர் மூன்று இடத்தில் கையெழுத்து மட்டும் போட்டார். பாலிசிதாரர் நலன் காக்கும் 2002ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, புரொபோசலை ஏற்ற 30 நாளுக்குள் அந்தப் படிவத்தின் நகலைக் கம்பெனி இலவசமாகத் தந்திருக்க வேண்டும். தந்திருந்தால் அவர் படித்துப் பார்த்திருக்கலாம். வழக்கில் எதிர்த்தரப்பு தாக்கல் செய்தபோதுதான் அதை முதல் முறையாகப் பார்த்தார்.

வழக்கின் முதுகெலும்பு மருத்துவம்தான். சிகிச்சை செய்த குடல் நோய் நிபுணர் கோர்ட் என்றாலே ஒதுங்குகிறவர். அவரைக் குறுக்கு விசாரணைக்கு நிறுத்த வேண்டாம், பிரமாணப் பத்திரமும் எழுத்துக் கேள்விகளுக்குப் பதிலும் போதும் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். அவர் எனக்கு விளக்கியது இது. குடலின் உட்புறத்தை மூடியிருப்பது ஒரே ஒரு செல் தடிமனுள்ள படலம். அதற்கு அந்தப் பக்கம் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள். இந்தப் பக்கம் உடலின் நோயெதிர்ப்புச் செல்கள். ஆரோக்கியமான உடலில் இந்த இரண்டும் ஒரு சமரசத்தில் வாழ்கின்றன. அளவு மீறிக் கோபப்படுகிற செல்களை அடக்கி வைக்க வேறு செல்கள் இருக்கின்றன. கிரோன் போன்ற குடல் அழற்சி நோயில் இந்தச் சமரசம் முறிகிறது. எதிரி போன பிறகும் எதிர்ப்பு நிற்பதில்லை. டி.என்.எஃப். என்கிற வேதித் தூது தொடர்ந்து சுரந்து, வீக்கம் புண்ணாகி, புண் தழும்பாகி, குழாய் சுருங்கிவிடுகிறது. பொதுவாக ஆட்டோஇம்யூன் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் கிரோன் நோயில் உடல் தன் சதையையே எதிரியாக நினைக்கிறது என்பதைவிட, குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களைப் பொறுத்துக்கொள்ளத் தவறுகிறது, அந்தச் சண்டையில் சதை அடிபடுகிறது என்பதே சரி என்றார்.

காசநோய் மாத்திரை கொடுத்த ஆறு மாதம் எங்களுக்குப் பாதகமா சாதகமா என்று அவரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் வழக்கின் அச்சாணி ஆயிற்று. இந்தியாவில் குடல் காசநோயும் கிரோன் நோயும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி புண்களோடு, ஒரே மாதிரி செல் திரட்சிகளோடு வருகின்றன. கிளாஸ்கோவில் டால்ஜியல் என்ற அறுவை மருத்துவர் 1913இல் இந்த நோயை விவரித்தபோதே, காசநோய் போலிருக்கிறது, ஆனால் அந்தக் கிருமி அகப்படவில்லை என்ற திகைப்பு இருந்தது. 1932இல் நியூயார்க்கில் கிரோனும் சக மருத்துவர்களும் அதைத் தனி நோயாக எழுதிய பிறகும், நம் நாட்டில் அந்தக் குழப்பம் தீரவில்லை. மருந்து மாற்றிக் கொடுத்தால் இரண்டு பக்கமும் ஆபத்து. கிரோனுக்குத் தரும் இன்ஃப்ளிக்ஸிமாப் டி.என்.எஃப்.ஐ அடக்குகிறது, காசநோய்க் கிருமியை உடல் சிறை வைத்திருப்பதே அதே டி.என்.எஃப். உதவியால்தான். அதனால் சந்தேகமிருந்தால் முதலில் காசநோய்க்குச் சிகிச்சை கொடுத்துப் பார்ப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. இதைக் கேட்டதும் என் வாதம் தானாக அமைந்துவிட்டது: கேமராவும் பயாப்சியும் நுண்நோக்கியும் வைத்திருந்த நிபுணர்களுக்கே ஒரு வருடத்துக்கு மேல் பிடிபடாத நோயை, ஸ்டோர்ஸில் போல்ட் எண்ணுகிறவர் 2012இல் தெரிந்து சொல்லியிருக்க வேண்டும் என்று எந்த நியாயத்தில் கேட்கிறீர்கள்?

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். டிஸ்சார்ஜ் சம்மரி தளர்வதைப் பார்த்ததும் அவர் வாதத்தின் திசையை மாற்றினார். இது பரம்பரைத் தன்மையுள்ள ஆட்டோஇம்யூன் நோய். ஆகவே பாலிசிக்கு முன்பு மட்டுமல்ல, பிறப்பிலிருந்தே இருக்கிறது என்றார். கம்பெனியின் குழு டாக்டர் நோயாளியைப் பார்க்காமலே அப்படி ஒரு கருத்து எழுதிக் கொடுத்திருந்தார். இதற்கு எங்கள் நிபுணரின் பதில் சுருக்கமானது. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக் கூறுகள் உண்டு. 2001இல் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட நாட்2 மரபணு மாற்றங்கள் மேற்கத்திய நோயாளிகளிடம் கணிசமாகத் தெரிந்தவை, இந்திய நோயாளிகளிடம் அரிதானவை. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்குக் கிரோன் வந்தாலும், மற்றவருக்கு வராமலே போனவர்கள் ஏராளம். நோய்க்கு ஏதுவாக இருப்பது நோயாகிவிடாது. நான் ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன்: பிறப்பிலேயே இருக்கும் சாத்தியத்தை நோய் என்று எண்ணினால், மருத்துவக் காப்பீட்டில் காப்பதற்கு எதுவும் மிஞ்சாது, சாகும் சாத்தியத்தோடுதான் எல்லோரும் பிறக்கிறோம்.

அடுத்து எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்து வைத்தது உண்மையிலேயே வலுவான தாள். இஸ்ரேல் ராணுவத்தில் சேரும்போது எடுத்துச் சேமித்திருந்த ரத்தத்தை வைத்து 2005இல் வந்த ஆய்வு. பின்னாளில் கிரோன் நோய் வந்த வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் பழைய ரத்தத்தில், ஈஸ்ட்டுக்கு எதிரான ஏ.எஸ்.சி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதம் முன்பே இருந்தது. அது தென்பட்டதற்கும் நோய் கண்டறியப்பட்டதற்கும் இடையே சராசரி 38 மாதம். பாருங்கள், வெளியே தெரிவதற்கு மூன்று வருடம் முன்பே உள்ளே ஆரம்பித்துவிடுகிறது என்றார் வக்கீல். மன்றத் தலைவர் தலையசைத்ததைப் பார்த்து எனக்கே கொஞ்சம் கலக்கம்தான். அன்று மாலை அந்தக் கட்டுரையை மறுபடி வாசித்தபோது, அது எங்கள் சாட்சி என்று தெரிந்தது. அந்த வீரர்கள் ராணுவத்துக்குத் தேர்வானவர்கள். மருத்துவப் பரிசோதனையில் தேறியவர்கள். ரத்தத்தில் ஒரு புரதம் இருந்தது, அறிகுறி எதுவும் இல்லை. பாலிசி கேட்பது அறிகுறியை. நோய் சத்தமில்லாமல் ஆரம்பிக்கிறது என்று கம்பெனியே நிரூபித்துவிட்டால், அந்தச் சத்தமில்லாத காலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டதற்கு மனிதரை எப்படிக் குற்றம் சொல்வது? அந்தத் தாளை எங்கள் எழுத்து வாதத்திலும் இணைத்தேன்.

மிச்சமிருந்தது நல்லெண்ணக் கோட்பாடு. காப்பீடு கேட்பவர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்ற அந்தக் கொள்கைக்கு, இந்த நாட்டில் எல்லாக் காப்பீட்டு வக்கீல்களும் மேற்கோள் காட்டுவது 1766இல் இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்டு பிரபு சொன்ன கார்ட்டர் வழக்குத் தீர்ப்பு. சுமத்ரா தீவில் ஒரு கோட்டையின் ஆளுநர், கோட்டை எதிரி கையில் விழுந்தால் பணம் என்று பாலிசி எடுத்தார், பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள், கோட்டை பலவீனமானது என்று நீ சொல்லவில்லையே என்று காப்பீட்டாளர் மறுத்தார். கொள்கையை மேற்கோள் காட்டுகிறவர்கள் முடிவை வாசிப்பதில்லை. அந்த வழக்கில் ஜெயித்தது ஆளுநர். கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கக்கூடியதைக் கேட்காமல் பிரீமியம் வாங்கிக்கொண்டு, நஷ்டம் வந்த பிறகு சொல்லவில்லை என்று காப்பீட்டாளர் நழுவ முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது. எங்களுக்கு எதிராக இருந்தது 2009இல் உச்ச நீதிமன்றம் சத்வந்த் கௌர் சந்து வழக்கில் சொன்னது: பிரீமியத்தை நிர்ணயிப்பதிலோ பாலிசி கொடுப்பதா வேண்டாமா என்பதிலோ கவனமுள்ள ஒரு காப்பீட்டாளரின் முடிவைப் பாதிக்கக்கூடிய எந்த விவரமும் முக்கியமான விவரம்தான், மறைத்தால் மறுக்கலாம். அந்த வழக்கில் நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் இருந்தது பாலிசி எடுத்தவருக்கே தெரியும். அந்த வித்தியாசத்தைத்தான் நான் அழுத்திச் சொன்னேன்.

‘முக்கியமான விவரம்’ என்ற அந்த வரையறையை உரைகல்லில் வைத்துப் பார்த்தது நான் இல்லை. மன்றத்தின் பெண் உறுப்பினர். அன்றைய சட்டப்படி தலைவரோடு இரண்டு உறுப்பினர்கள் உட்காருவார்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அதுவரை பேசாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர், எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்துக் கேட்டார். “வருஷத்துக்கு ரெண்டு தரம் வயித்துப்போக்கு வரும்னு இவர் இந்தக் கட்டத்துல எழுதியிருந்தா, உங்க கம்பெனி என்ன செஞ்சிருக்கும்? பாலிசி கொடுத்திருக்காதா? ஒரு ரூபாய் கூடுதலா பிரீமியம் வாங்கியிருக்குமா? அப்படின்னா அந்த விதி எங்க இருக்கு, காட்டுங்க.” வக்கீல் வாய்தா கேட்டார். அடுத்த வாய்தாவிலும் கம்பெனியின் தேர்வு விதிமுறைக் கையேடு வரவில்லை. வந்திருந்தாலும் அதில் அப்படி ஒரு வரி இருந்திருக்காது என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒரு விவரம் முக்கியமானது என்று நிரூபிக்கும் பாரம் அதைச் சொல்கிறவர் மேல் என்பதை அந்த உறுப்பினர் சட்டப் பிரிவு எதையும் சொல்லாமலே நிலைநாட்டிவிட்டார்.

மாவட்ட மன்றம் மூன்று லட்சமும் வட்டியும் செலவுத் தொகையும் கொடுக்கச் சொன்னது. கம்பெனி 25,000 ரூபாய் கட்டி, ஹை கிரவுண்ட்ஸில் பசவ பவனில் இருக்கும் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போனது. அங்கேயும் அதே முடிவு. 2019 நடுவில் பணம் வந்தது. அடகு வைத்த நகை அதற்குள் மூழ்கிவிட்டிருந்தது. எங்கள் வாதத்தின் அடிப்படையை உச்ச நீதிமன்றமே 2021 டிசம்பரில் மன்மோகன் நந்தா வழக்கில் தெளிவாகச் சொன்னது: பாலிசி எடுப்பவர் தன் அறிவுக்கு எட்டிய முக்கிய விவரங்களைச் சொல்லக் கடமைப்பட்டவர், தெரியாததைச் சொல்லும் கடமை அவருக்கு இல்லை.

ஜெயித்த வழக்கு என்பதால் ஒன்றை ஒளிவில்லாமல் சொல்லலாம். மருத்துவ ரீதியில் கம்பெனி சொன்னது பொய்யென்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அந்தப் பழைய வயிற்றுப்போக்குகளில் ஏதோ ஒன்று தண்ணீரால் வந்ததாக இல்லாமல், நோயின் முதல் அடியாகவே இருந்திருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்ல எந்தப் பரிசோதனையும் இல்லை. அறிகுறி என்ற சொல்லை வரையறையில் வைத்தவர்கள் செய்தது, அந்தப் பிரிக்க முடியாத காலத்தை முழுக்கக் கம்பெனி கையில் கொடுத்தது. எந்த நோயும் கண்டறியப்பட்ட பிறகு திரும்பிப் பார்த்தால், அதற்கு முன் ஓர் இருமலோ சோர்வோ வயிற்றுவலியோ கிடைக்காமல் போகாது. அறிகுறி எது என்று தீர்மானிப்பது பின்னோக்கிப் பார்க்கிறவர். பிரீமியம் கட்டுகிறவரோ முன்னோக்கி வாழ்கிறவர்.

இன்னொரு தகராறு கோர்ட்டுக்கே வரவில்லை. நோய் திரும்பாமலிருக்க இன்ஃப்ளிக்ஸிமாப் போடச் சொன்னார்கள்: முதல் நாள், இரண்டாவது வாரம், ஆறாவது வாரம், பிறகு எட்டு வாரத்துக்கு ஒரு முறை. நரம்பில் ஏற்றச் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். ஆஸ்பத்திரியில் 24 மணி நேரம் படுத்திருந்தால்தான் பணம், விதிவிலக்குப் பட்டியலில் இந்த மருந்து இல்லை என்றது பாலிசி. “ஒரு ராத்திரி தங்கிட்டா க்ளெய்ம் ஆயிடும்னு பில்லிங்ல சொல்றாங்க சார், செய்யலாமா?” என்று கட்சிக்காரர் கேட்டார். தேவையில்லாத படுக்கைக்குக் காசு வாங்கினால் சரி, தேவையான மருந்துக்குக் கேட்டால் தப்பு என்கிற விதி, மனிதர்களை எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேண்டாம் என்றேன். இருக்கிற வழக்கில் ஜெயிக்க வேண்டுமானால் அவர் கை சுத்தமாக இருக்க வேண்டும். அந்தச் சுத்தத்துக்கான விலையை எட்டு வாரத்துக்கு ஒரு முறை அவர் கட்டினார்.

பணம் கைக்கு வந்த சில வாரங்களில், 2019 செப்டம்பரில், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் புதிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நாங்கள் போராடிய ஒவ்வொன்றும் அதில் இருந்தது. ஊசியாகப் போடும் மோனோகுளோனல் ஆன்டிபாடி சிகிச்சைக்கு, அதாவது இன்ஃப்ளிக்ஸிமாப் ரகத்துக்கு, பணம் தர வேண்டும் என்றது. முன்பே இருந்த நோய் என்றால் மருத்துவர் கண்டறிந்ததும் மருத்துவரிடம் சிகிச்சையோ ஆலோசனையோ பெற்றதும்தான் என்று வரையறை ஏறக்குறைய சுருங்கியது. மிச்சமிருந்த ‘அறிகுறி’யையும் 2020 தொடக்கத்தில் வந்த திருத்தம் எடுத்துவிட்டது. அதே 2019 நெறிகளில் பக்கத்தைப் புரட்டினால் ஒரு பட்டியல்: கம்பெனிகள் நிரந்தரமாக விலக்கி வைக்கக்கூடிய 16 நோய்கள். புற்றுநோய், வலிப்பு, நாள்பட்ட சிறுநீரக நோய், ஹெபடைடிஸ் பி இவற்றோடு குடல் அழற்சி நோயும், கிரோன், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று பெயர் சொல்லியே, அதில் இருந்தது.

பட்டியல் கெட்ட எண்ணத்தில் போட்டது இல்லை. அதற்கு முன்பு இந்த நோய் உண்டென்று எழுதினாலே பல கம்பெனிகள் பாலிசியே கொடுக்காமல் திருப்பி அனுப்பின. கால் முறிந்தாலும் டெங்கு வந்தாலும் கைக்காசுதான். அந்த ஒரு நோயை மட்டும் விலக்கிவிட்டு மற்றதற்காவது கொடுங்கள் என்பதுதான் நோக்கம். ஆனால் அதன் கீழ் யார் வந்து நிற்கிறார்கள் என்பதைப் பிறகு பார்த்தேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்த ஒரு பெண்; கல்லூரிக் காலத்திலேயே கொலைட்டிஸ் என்று கண்டறியப்பட்டவர். வேலை செய்த கம்பெனியின் குழுக் காப்பீடு இருந்தவரை கவலையில்லை, அதில் இந்தக் கேள்வியே எழவில்லை. வேலையை விட்டுச் சொந்தமாகப் பாலிசி கேட்டபோது ஒன்றையும் மறைக்காமல் எழுதினார். மற்ற எல்லாவற்றுக்கும் காப்பு, கொலைட்டிஸுக்கு என்றைக்கும் இல்லை என்ற நிபந்தனைக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். “சொல்லாம விட்டிருந்தா கிடைச்சிருக்குமா சார்?” என்று கேட்டார். விட்டிருந்தால் முதல் க்ளெய்மிலேயே பாலிசி ரத்தாகும், அது மோசடி என்றேன். சட்டப்படி அதுதான் சரியான பதில். அவருக்காகப் போடுவதற்கு என்னிடம் வழக்கு எதுவும் இருக்கவில்லை.

2024இல் காத்திருப்புக் காலம் 48 மாதத்திலிருந்து 36க்கு இறங்கியிருக்கிறது. 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டியவரிடம் மோசடியை நிரூபித்தாலொழிய மறைத்தாய் என்று சொல்ல முடியாது என்றும் ஆகியிருக்கிறது. நல்ல மாற்றங்கள். ஆனால் இவை எல்லாம் காப்பது என் அல்சூர்க் கட்சிக்காரரைப் போன்றவரை: நோய் இருந்ததே தெரியாமல் கையெழுத்துப் போட்டவரை. தெரிந்து, உண்மையைச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவருக்கு விதி வேறு. நோயாளிகள் மட்டுமே வந்து சேர்ந்தால் நிதி திவாலாகும் என்ற கம்பெனியின் பயம் நியாயமானது. அதற்குத்தான் காத்திருப்புக் காலமும் கூடுதல் பிரீமியமும் இருக்கின்றன. வாழ்நாள் முழுக்க இருக்கிற நீரிழிவுக்கு அந்த ஏற்பாடு போதுமென்றால், குடல் அழற்சிக்கும் போதும். இரண்டு பேரில் பணம் கிடைத்தது அறியாதவருக்கு, கிடைக்காதது அறிந்து சொன்னவருக்கு என்று ஒரு விதி முடிவுகட்டுமானால், நல்லெண்ணத்தின் பேரால் நடக்கிற ஒரு தொழிலில் அந்த நல்லெண்ணத்துக்குத்தான் அபராதம் விழுகிறது.